மருந்து கலந்த ஜாடியில் பிறந்த ஈக்களின் கண் சொரசொரவென்று இருக்கிறது. பூச்சிக்கொல்லிதான் காரணமா?

ஜாடிக்காரன்
வணக்கம். பூச்சியியல் படித்தவன் இல்லை, ஆர்வக்கோளாறு மட்டும்தான். பழத்தை மொய்க்கும் சின்ன ஈக்களை இரண்டு மாதமாக ஜாடியில் வளர்த்து வருகிறேன். செடிக்குத் தெளிக்கும் இமிடாகுளோபிரிட்டை நன்றாக நீர்த்து, கடைசியாக வைத்த ஜாடியில் மசித்த பழத்தோடு சில சொட்டு கலந்தேன். புழுக்கள் நிறைய செத்தன. தப்பித்து ஈயாக வெளியே வந்தவை 61. அதில் 14 ஈக்களுக்குக் கண் சரியில்லை.

என்னிடம் இருப்பது 40 மடங்கு காட்டும் பழைய நுண்ணோக்கி. நல்ல ஈயின் கண் சிவப்பு மணிகளை வரிசை பிசகாமல் கோத்தது போல இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் கோடு கோடாக மின்னும். இந்த 14-இலும் அந்தக் கோடுகளே இல்லை. மணல்தாள் போலச் சொரசொரப்பாக, சில இடங்களில் இரண்டு மணி ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. மருந்து கண் வளர்ச்சியைக் கெடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

களைக்கொத்து
இதில் என்ன சந்தேகம்? விஷத்தைப் போட்டீர்கள், கண் கெட்டது. 20 வருடமாக வயலில் மருந்து அடிப்பவன் சொல்கிறேன். அடித்த மறுநாள் தேனீ, தும்பி எல்லாம் திசை தெரியாமல் தட்டுத்தடுமாறும். கண் தெரியாமல்தானே தடுமாறுகிறது?

எண்ணிப்பார்
ஜாடிக்காரன், மூன்று கேள்வி. மருந்து கலக்காத ஜாடி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தீர்களா? இந்த 61 ஈக்களுக்கும் பெற்றோர் எத்தனை? கெட்ட கண் ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

ஜாடிக்காரன்
மருந்தில்லாத ஜாடி வைக்கவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைகளில் எல்லாக் கண்ணும் நன்றாக இருந்ததால் தேவைப்படாது என்று நினைத்துவிட்டேன். பெற்றோர் ஒரே ஒரு ஜோடி. பழைய ஜாடியில் பூஞ்சை பிடித்து எல்லாம் போனதில் மிஞ்சியது அவ்வளவுதான். கண்ணைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அரைகுறையாகக் கெட்டது என்று ஒன்றுகூட இல்லை. கெட்டால் முழுதாகக் கெட்டிருக்கிறது, இல்லையென்றால் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

எண்ணிப்பார்
61-இல் 14. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. பெற்றோர் ஒரே ஜோடி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மருந்துக்கு முன்னால் வேறொன்று நினைவுக்கு வருகிறது. தெரிந்தவர்கள் யாராவது வரட்டும், அதுவரை வாயைத் திறக்கவில்லை.

தட்டான்
குறுக்கே ஒரு சின்ன விஷயம். பழ ஈ என்று நாம் இரண்டு பூச்சிகளைச் சொல்கிறோம். விவசாயிகள் திட்டும் பழ ஈ வேறு. அது காயிலேயே ஓட்டை போட்டு முட்டை வைக்கும், கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு இருக்கும். இவர் ஜாடியில் இருப்பது 2, 3 மில்லிமீட்டர் நீளமுள்ள டிரோசோபிலா. அழுகியதைத்தான் தேடும். இழையைப் படிப்பவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நுண்ணோக்கி
பல வருடம் டிரோசோபிலா ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், அதிலும் கண்தான் என் பிரிவு. இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரோசோபிலாவின் ஒரு கூட்டுக்கண்ணில் சுமார் 750 முதல் 800 சிறுகண்கள் உண்டு, நீங்கள் மணி என்று சொன்னவை அவைதான். ஒவ்வொன்றிலும் 8 ஒளியுணர் செல்கள், அவற்றின் மேல் 4 கூம்பு செல்கள், சுற்றிலும் நிறமி செல்கள். எல்லாச் சிறுகண்ணிலும் இதே கணக்குதான். இந்தக் கண் ஈ வெளியே வந்த பிறகு வளர்வதில்லை. புழு உங்கள் பழத்தைத் தின்று கொழுத்துக்கொண்டிருக்கும்போதே, அதன் தலைப்பக்கம் உள்ளே மடித்து வைத்த பைபோல ஒரு திசு இருக்கும். கண்ணும் உணர்கொம்பும் அதிலிருந்துதான் வருகின்றன. மூன்றாம் பருவப் புழுவில், அதாவது கூட்டுப்புழு ஆவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில், அந்தத் திசுவின் பின் விளிம்பில் ஒரு பள்ளம் தோன்றி, முன்பக்கம் நோக்கி மெதுவாக நகரும். பள்ளம் கடந்துபோன இடத்தில் ஒவ்வொரு வரிசையாகச் சிறுகண்கள் உருவாகும். ஏர் போன தடத்தில் விதை விழுவது போல என்று களைக்கொத்து அண்ணனுக்குச் சொல்லலாம். ஒவ்வொரு சிறுகண்ணிலும் முதலில் தேர்வாவது எட்டாம் எண் ஒளியுணர் செல். அது பக்கத்துச் செல்களை இழுத்துச் சேர்க்கும். ஏழாம் எண் கடைசியாக வரும். அப்புறம் கூட்டுப்புழு நிலையில், சிறுகண்களுக்கு இடையே மிச்சமிருக்கும் உபரி செல்கள் தாமாகவே செத்து ஒழியும். அப்போதுதான் அறுகோணங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தும்.

ஒரே அச்சு 750 தடவை விழுகிறது. அதனால் ஒரு செல் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தவறு கண் முழுக்கத் திரும்பத் திரும்ப விழுந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். மரபியல்காரர்களுக்கு ஈயின் கண் செல்லப்பிள்ளை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். செல்லுக்குள் நடக்கும் பிழையை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். கண் இல்லாவிட்டாலும் ஆய்வகத்தில் ஈ உயிரோடு இருக்கும் என்பது இன்னொரு வசதி.

இனி மருந்து. புழக்கத்தில் உள்ள பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை நரம்பைக் குறிவைப்பவை. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும் அதைச் சிதைக்கும் நொதியை முடக்கும். பைரித்ராய்டு நரம்புச் செல்லின் சோடியம் வாயிலை மூடவிடாது. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட நியோநிகோட்டினாய்டுகள் அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் உட்கார்ந்து அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பள்ளம் நகரும் நேரத்தில் கண்ணைக் கட்டுவது பக்கத்துச் செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வளர்ச்சி சமிக்ஞைகள். அவற்றில் எதுவும் இந்த மருந்துகளின் நேரடி இலக்கு இல்லை. அதனால் இமிடாகுளோபிரிட் தின்ற புழுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவில், முழுச் சொரசொரப்பாக, அதுவும் நாலில் ஒரு பங்கு ஈக்களில் மட்டும் கண் கெட்டது என்றால் நானும் எண்ணிப்பார் பக்கம்தான் சாய்வேன். விஷம் இப்படிக் கணக்குப் பார்த்து அடிக்காது. அதிகம் தின்ற புழுவுக்கு அதிகம், கொஞ்சம் தின்றதற்குக் கொஞ்சம் என்று படிப்படியாக இருக்கும், இடது கண்ணும் வலது கண்ணும் ஒத்துப்போகாது.

என் ஊகம் இது. உங்கள் ஜோடியில் தாய், தகப்பன் இரண்டுமே ஒரு ஒடுங்கு மரபணுவைச் சுமந்திருக்கின்றன. இரண்டு பக்கமிருந்தும் அதை வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் கண் சொரசொரப்பு. மருந்து அந்தப் பக்கம் சும்மா போய்க்கொண்டிருந்த ஆள்.

களைக்கொத்து
அப்போ விஷம் நிரபராதி என்கிறீர்களா சார்? கம்பெனிக்காரன் பேசுவது மாதிரியே இருக்கிறது.

நுண்ணோக்கி
சார் இல்லை, அக்கா என்றால் போதும். நிரபராதி என்று எங்கே சொன்னேன்? இந்த ஒரு குற்றத்துக்கு அது பொறுப்பில்லை என்றுதான் சொன்னேன். அதன் மேல் வேறு வழக்குகள் இருக்கின்றன, வருகிறேன்.

தேனடை
நுண்ணோக்கி அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் நெஞ்சில் ஏதோ இடறியது. 12 வருடமாகத் தேனீ வளர்க்கிறேன். போன பருவத்தில் ஒரு பெட்டியில் ஆண் தேனீக் கூட்டுப்புழுக்களின் மூடியைத் திறந்து பார்த்தபோது, பழுத்து வெளிவரும் நிலையிலும் கண் வெள்ளையாகவே இருந்தது. சாதாரணமாகக் கூட்டுப்புழுவின் கண் முதலில் வெள்ளை, அப்புறம் இளஞ்சிவப்பு, அப்புறம் ஊதா கலந்த பழுப்பு, கடைசியில் கருப்பு என்று மாறும். உடம்பு பால்வெள்ளையாக இருக்கும்போதே கண் மட்டும் நிறம் ஏறிவிடும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் நாள் கணக்கு சொல்வோம். இவை உடம்பெல்லாம் கருத்த பிறகும் கண் வெள்ளை. பக்கத்து நிலத்தில் அந்த வாரம்தான் மருந்து அடித்திருந்தார்கள். அவர்களோடு பெரிய சண்டையே போட்டுவிட்டேன்.

எண்ணிப்பார்
தேனடை, அந்தப் பெட்டியில் எல்லா ஆண் தேனீக்கும் வெள்ளைக் கண்ணா, பாதிக்கா? வேலைக்காரத் தேனீக்களில் ஒன்றுக்காவது இருந்ததா?

தேனடை
எண்ணவில்லை. ஆனால் வெள்ளையும் கருப்பும் கலந்துதான் கிடந்தன, ஏறக்குறைய சரிபாதி என்று சொல்லலாம். வேலைக்காரத் தேனீ ஒன்றுக்கும் இல்லை.

நுண்ணோக்கி
அப்படியானால் அந்தச் சண்டையில் பக்கத்து நிலத்துக்காரர் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருவது, அதற்குத் தகப்பன் கிடையாது. தாயிடமிருந்து வரும் ஒரே ஒரு தொகுதி மரபணுதான். ராணி அந்த ஒடுங்கு மரபணுவை ஒரு பிரதி சுமந்தாலே பிள்ளைகளில் பாதி ஆண்களுக்குக் கண்ணில் நிறம் ஏறாது. வேலைக்காரிகளுக்குத் தகப்பனிடமிருந்து நல்ல பிரதி ஒன்று வந்துவிடுவதால் மறைந்துபோகும். தேனீக்களில் இப்படி நிறமில்லாக் கண் தரும் மரபுமாற்றங்கள் பல தெரிந்தவைதான். அந்த ஆண்கள் பறக்கக் கிளம்பினால் வழி தெரியாது, கூட்டுக்குத் திரும்பாது.

தேனடை
அடடா. மன்னிப்புக் கேட்க ஒரு புட்டித் தேனோடு போக வேண்டியதுதான்.

தட்டான்
அக்கா, அப்போது பூச்சிக்கொல்லியால் கண் உருக்கெடவே கெடாதா? வளர்ச்சியைக் குறிவைக்கும் மருந்துகள் என்றே ஒரு வகை இருக்கிறதே.

நுண்ணோக்கி
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நரம்பு விஷங்களை விட்டுவிட்டு அந்த வகையைப் பார்ப்போம். டைஃப்ளூபென்சுரான், பூச்சியின் மேல்தோலில் உள்ள கைட்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கும். மெத்தோபிரீன், பைரிப்ராக்சிஃபென் இரண்டும் புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் போல நடிக்கும். டெபுஃபெனோசைட் தோலுரிப்பு ஹார்மோன் போல நடிக்கும். இவை கண் கட்டப்படும் வேலைக்கு ரொம்பவே பக்கத்தில் வருகின்றன. சிறுகண்ணின் மேலுள்ள லென்ஸ் பூச்சியின் மேல்தோலின் ஒரு பகுதி, அதிலும் கைட்டின் உண்டு. நான் சொன்ன அந்தப் பள்ளம் முன்னேறத் தோலுரிப்பு ஹார்மோன் வேண்டும். இளமை ஹார்மோன் இன்னும் சுவாரசியம். டிரோசோபிலாவில் அதைச் சுரக்கும் சுரப்பியை எடுத்துவிட்டால் மூளையின் பார்வைப் பகுதி நேரத்துக்கு முன்பே முதிர ஆரம்பிக்கிறது. யார் எப்போது வளர வேண்டும் என்று பிடித்து நிறுத்தி வைப்பது அந்த ஹார்மோன்.

ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? கண் கெடும் அளவுக்கு இந்த மருந்து உள்ளே போன பூச்சி பெரும்பாலும் தோலுரிக்க முடியாமல், அல்லது கூட்டுப்புழு உறையைக் கிழித்து வெளியே வர முடியாமல் செத்துவிடும். பைரிப்ராக்சிஃபென் போட்ட தண்ணீரில் கொசுப் புழு நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருக்கும், கூட்டுப்புழுவான பிறகு சாகும். நாம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது தப்பித்தவற்றை மட்டும். கண் கெட்டவை உறைக்குள்ளேயே மக்கிப்போயிருக்கும். யாராவது ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் திறக்காத உறைகளைக் கிழித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. நாற்றம் அப்படி.

வெட்டுக்கிளி, கரப்பான் மாதிரியானவை வேறு கதை. அவற்றுக்குக் கூட்டுப்புழு நிலை கிடையாது. ஒவ்வொரு தோலுரிப்பிலும் கண்ணின் விளிம்பில் புதுச் சிறுகண்கள் சேர்ந்துகொண்டே போகும், லென்ஸும் புதிதாக வரும். குஞ்சாக இருக்கும்போது எந்தக் கட்டத்தில் மருந்து பட்டது என்பது கண்ணின் எந்தப் பகுதி கெடும் என்பதோடு தொடர்புடையதாகிவிடும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி.

எண்ணிப்பார்
இன்னொரு பொறி இருக்கிறது. கண் சிறுத்துவிட்டது, சிறுகண் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அடிக்கடி சொல்வார்கள். பட்டினி கிடந்த புழுவிலிருந்து சின்ன ஈ வரும், சின்ன ஈக்குச் சின்னக் கண். ஜாடியில் நெரிசல் இருந்தாலும் அதே கதை. மருந்து கலந்த உணவைப் புழு குறைவாகத் தின்றிருந்தால் மருந்து கண்ணைத் தொடாமலேயே கண் சிறுக்கும். உடம்போடு ஒப்பிடாமல் கண்ணை மட்டும் அளந்தால் தப்பான முடிவுதான் வரும். வெப்பநிலையும் அப்படித்தான். ஒடுங்கிய பட்டைக் கண் கொண்ட ஒரு டிரோசோபிலா வகை உண்டு, சூடு ஏற ஏற அதன் சிறுகண் எண்ணிக்கை குறையும். நூறு வருடத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

நுண்ணோக்கி
ஆமாம், இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தும் அசிட்டோன் மாதிரிக் கரைப்பானையும் சந்தேகிக்க வேண்டும். ஒப்பீட்டு ஜாடியில் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாது, அதே கரைப்பானை அதே அளவு ஊற்ற வேண்டும். கடையில் வாங்கும் மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது முழுதாக நமக்குத் தெரியாது.

களைக்கொத்து
நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தப்பிக்க வழி சொல்கிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். மறுநாள் தேனீ தடுமாறுகிறதே, அது ஏன்?

நுண்ணோக்கி
அண்ணா, இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். கண் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகப் பார்வை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இந்த இழையில் நான் சொல்ல நினைப்பது சுருக்கமாக இவ்வளவுதான்.

பூச்சியின் ஒளியுணர் செல் அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்துவது ஹிஸ்டமின். அதனால் அந்த முதல் இணைப்பை இமிடாகுளோபிரிட் நேரடியாகத் தொடாது. ஆனால் அதற்கு அப்பால், மூளையின் பார்வை மடல்களில், அசையும் பொருளைக் கணக்கிடும் வலைப்பின்னலில் அசிட்டைல்கோலின் புழங்குகிறது. மருந்து அங்கேதான் போய் உட்காரும். லென்ஸ் சரி, ஒளியுணர் செல் சரி, கணக்குப் போடும் இடத்தில் கோளாறு. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெட்டுக்கிளியில் இதைக் காட்டினார்கள். தன்னை நோக்கி மோத வரும் பொருளைக் கண்டுகொள்ளும் பெரிய நரம்பு ஒன்று அதற்கு உண்டு. சாகடிக்காத அளவு இமிடாகுளோபிரிட் கொடுத்தபோது அந்த நரம்பின் பதில் மாறியது, வெட்டுக்கிளி மோதலிலிருந்து விலகுவதும் குறைந்தது. கண்ணை வெட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

அடுத்தது தேய்மானம். 2020-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து டிரோசோபிலாவில் செய்த ஆய்வு உண்டு. குறைந்த அளவு இமிடாகுளோபிரிட் ஏற்பியைத் தூண்டித் தூண்டி நரம்புச் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றுகிறது, அதனால் மைட்டோகாண்டிரியா தடுமாறி ஆக்சிஜன் சார்ந்த தீவிர மூலக்கூறுகளைக் கக்குகிறது, கொழுப்புச் சேமிப்பு குழம்புகிறது. முதிர்ந்த ஈக்களுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது அவை பார்வையை இழந்தன. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஒன்றைக் கொடுத்தால் பாதிப்பு ஓரளவு குறைந்தது. இங்கே கண் சரியாகவே கட்டப்பட்டது. கட்டிய வீடு பராமரிப்பில்லாமல் உள்ளேயிருந்து உதிர்ந்தது.

கொசுறாக இதையும் சொல்லிவிடுகிறேன். அதே குழுவினர் 2022-இல் ஸ்பினோசாடையும் பார்த்தார்கள். மண் பாக்டீரியாவிலிருந்து வருவது, பல நாடுகளில் இயற்கை விவசாயத்துக்கு அனுமதி உள்ளது. அதுவும் குறைந்த அளவிலேயே செல்லின் கழிவுப் பைகளைக் கெடுத்து, நரம்புச் சிதைவையும் பார்வைக் கோளாறையும் கொண்டுவந்தது. இயற்கையிலிருந்து வந்தால் பூச்சிக்கு நல்லது என்று நினைப்பவர்கள் கவனிக்க.

தேனீயில் மூளை வளரும்போதே நடக்கும் பாதிப்பும் உண்டு. புழுப் பருவத்தில் இமிடாகுளோபிரிட் கொடுத்த தேனீக்களின் காளான் உடல்களில், அதாவது மணத்தையும் காட்சியையும் நினைவோடு சேர்க்கும் பகுதியில், நரம்பு இணைப்புக் கொத்துகள் நெருக்கம் குறைந்திருந்தன. இது 2016-இல் வந்தது. ஆகவே கண் வளர்ச்சி என்று கேட்டால் வெளியே தெரியும் அறுகோணங்களோடு நிறுத்தக் கூடாது. கண்ணின் பின்னால் ஓடும் கம்பிகளும் வளர்ச்சிதான்.

தேனடை
எனக்கு இது புரிகிறது அக்கா. கண் உருவாகிறது, கம்பி இணைகிறது, அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு. எந்த இடத்தில் அடி விழுந்தது என்று பார்க்காமல் நாம் மொத்தமாகக் கண் கெட்டது என்கிறோம்.

எண்ணிப்பார்
அதோடு சோதனை விதிகளையும் பாருங்கள். தேனீப் புழுவுக்கு, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி 237, 2013-இல் வந்தது. நாலாம் நாள் புழுவுக்கு ஒரு தடவை மருந்து கொடுத்து, ஏழாம் நாள்வரை எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள். கண்ணின் ஒளியுணர் செல்கள் பெரும்பாலும் வேலையைத் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான். அந்தச் சோதனையில் பிழைத்த புழு பின்னால் குருடாகுமா என்பது அதன் கேள்வித்தாளிலேயே கிடையாது.

ஜாடிக்காரன்
நிறைய கற்றுக்கொண்டேன். சரி, என் 14 ஈக்களுக்கு என்ன செய்வது? மரபணு என்று எப்படி உறுதி செய்வது?

நுண்ணோக்கி
மருந்தில்லாத உணவில் இரண்டு கலப்பு செய்யுங்கள். ஒன்று, சொரசொரப்புக்கும் சொரசொரப்புக்கும். இன்னொன்று, சொரசொரப்புக்கும் வெளியிலிருந்து புதிதாகப் பிடித்த நல்ல ஈக்கும். கவனம், பெண் ஈ ஏற்கெனவே இணை சேர்ந்திருந்தால் விந்தைச் சேமித்து வைத்து உங்கள் கணக்கைக் குழப்பிவிடும். காலையில் ஜாடியைக் காலி செய்துவிட்டு, அடுத்த 8 மணி நேரத்துக்குள் வெளிவரும் பெண்களை மட்டும் எடுங்கள். அப்போதுதான் பிறந்த ஈ வெளிறிப்போய், இறக்கை சுருங்கி, வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். ஆணுக்கு வயிற்று நுனி கருப்பாகவும், முன்னங்காலில் சீப்பு மாதிரிக் கரும் முட்களும் இருக்கும். புதிதாகப் பிடித்த ஈயில் ஆணையே எடுங்கள், பிழைத்தீர்கள்.

மருந்து அல்ல, மரபணுதான் என்றால் முதல் கலப்பில் எல்லாக் கண்ணும் சொரசொரப்பு. இரண்டாவதில் பிள்ளைகள் எல்லாம் நல்ல கண், பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்று கெட்ட கண். மருந்துதான் என்றால் மருந்தில்லாத ஜாடியில் எல்லாமே சரியாகிவிடும். சூழலின் அடி மரபுமாற்றத்தைப் போலவே தோற்றம் காட்டுவதற்கு 1935-இலேயே கோல்ட்ஷ்மிட் பெயர் வைத்துவிட்டார். போலித்தோற்றம் என்று சொல்லலாம். அது அடுத்த தலைமுறைக்குப் போகாது.

எண்ணிப்பார்
இடையில் நிற்பதும் உண்டே? மருந்தும் மரபணுவும் சேர்ந்து?

நுண்ணோக்கி
உண்டு. 1998-இல் ரூதர்ஃபோர்டும் லிண்ட்குவிஸ்டும் காட்டியது அதுதான். ஹெச்எஸ்பி90 என்ற காவல்காரப் புரதத்தை மருந்தால் முடக்கினால், அதுவரை ஒளிந்திருந்த மரபு வேறுபாடுகள் வெளியே வந்து கண், கால், இறக்கை எல்லாம் விதவிதமாகக் கோணும். தேர்ந்தெடுத்து வளர்த்தால் மருந்தில்லாமலேயே தொடரும். ஆனால் அங்கே விதவிதமாகக் கோணும். இவருக்கு 14-உம் அச்சில் வார்த்தது போல இருக்கிறது. அதனால்தான் நான் எளிய வழியை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

தட்டான்
மருந்து மரபணுவையே மாற்றிவிட்டதா என்று பார்க்கவும் ஈயின் கண்ணைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

நுண்ணோக்கி
ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. ஒரு நல்ல பிரதி, ஒரு வெள்ளைக்கண் பிரதி சுமக்கும் பெண் புழுக்களுக்குச் சந்தேகப்படும் பொருளைக் கொடுப்பார்கள். வளரும் கண்ணில் ஏதாவது ஒரு செல்லில் நல்ல பிரதி போய்விட்டால், அதன் வாரிசுகள் எல்லாம் நிறமில்லாமல் போகும். சிவப்புக் கண்ணில் வெள்ளைத் திட்டு. திட்டு பெரிதாக இருந்தால் சேதம் ஆரம்பத்திலேயே நடந்தது, இரண்டு மூன்று சிறுகண் அளவே இருந்தால் கடைசியில் நடந்தது. பூச்சிக்கொல்லிகள் பலவற்றை இப்படி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கண்ணே நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கும், நாம் குனிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜாடிக்காரன்
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். முதல் முயற்சியில் இணை சேராத பெண் என்று நினைத்து எடுத்தது ஏமாற்றிவிட்டது, திரும்ப ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

சொரசொரப்பையும் சொரசொரப்பையும் சேர்த்த ஜாடியில் மருந்து ஒரு சொட்டு இல்லை. வெளிவந்த 43 ஈக்கும் கண் சொரசொரப்பு. நல்ல ஆணோடு சேர்த்ததில் பிள்ளைகள் எல்லாம் கண்ணாடிக் கண். அவற்றை அவற்றுக்குள்ளேயே சேர்த்ததில் 118 ஈ, 27 சொரசொரப்பு.

நுண்ணோக்கி
கை கொடுங்கள் தம்பி. ஆணிலும் பெண்ணிலும் கலந்து வந்திருந்தால் பாலினக் குரோமோசோமில் இல்லை என்றும் சொல்லிவிடலாம்.

ஜாடிக்காரன்
கலந்துதான் வந்தது அக்கா, 27-இல் 15 பெண். இன்னொன்றும் செய்தேன், களைக்கொத்து அண்ணனுக்காக. நல்ல கண் உள்ள ஈக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீர்த்த மருந்து, ஒரு பாதிக்கு வெறும் உணவு கொடுத்து, ஐந்து நாள் கழித்து இருட்டுக் குழாயில் விட்டு ஒரு முனையில் விளக்கு வைத்தேன். மருந்து தின்றவை விளக்குப் பக்கம் குறைவாகவே போயின. நுண்ணோக்கியில் கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை.

களைக்கொத்து
பார்த்தீர்களா!

எண்ணிப்பார்
அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். விளக்கு தெரியாமல் போகவில்லையா, கால் தள்ளாடிப் போகவில்லையா? குழாயைத் தட்டிக் கீழே விழவைத்து இருட்டில் மேலே ஏறுகின்றனவா என்று பார்த்தீர்களா, ஜாடிக்காரன்?

ஜாடிக்காரன்
பார்க்கவில்லை. சிவப்பு விளக்கில் பார்த்தால் போதுமா?

நுண்ணோக்கி
மங்கலான ஆழ்ந்த சிவப்பு போதும், அவற்றுக்கு அது கிட்டத்தட்ட இருட்டுதான். ஒவ்வொரு குழாயிலும் 10 ஈ, 10 நொடி, பாதி உயரத்தைத் தாண்டியது எத்தனை என்று எண்ணுங்கள். எந்தக் குழாயில் மருந்து என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.

ஜாடிக்காரன்
வீட்டில் தங்கை இருக்கிறாள். குழாய்களுக்கு எண் மட்டும் ஒட்டி அவளிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு குழாய் முடிந்தது, இன்னும் ஆறு பாக்கி.